அணைக்கும் பொத்தான் எங்கே?

2024 மே 20 அன்று, அமெரிக்காவின் ரெட்மண்ட் நகரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ஒரு புதுவகைக் கணினியை அறிமுகப்படுத்தியது. கோபைலட் பிளஸ் பிசி என்று பெயர். அதன் தலைமை ஈர்ப்பு ரீகால் என்ற வசதி. சில விநாடிகளுக்கு ஒருமுறை அது திரையைத் தானாகப் படம் பிடிக்கும், படத்தில் உள்ள எழுத்தைப் படிக்கும், எல்லாவற்றையும் கணினிக்குள்ளேயே சேர்த்து வைக்கும். எப்போதோ பார்த்த ஒரு சேலையின் படத்தை, யாரோ அனுப்பிய முகவரியை, நினைவில் இருக்கும் ஒரு சொல்லை வைத்தே தேடி எடுத்துவிடலாம். மறதியுள்ள எவருக்கும் இது வரம்தான். ஆனால் கேள்விப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் தோன்றியது, தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருக்கிறார் என்பதே.

அந்த அச்சம் வீண் அச்சமில்லை. பாஸ்வேர்டையோ வங்கிக் கணக்கு எண்ணையோ ரீகால் மறைக்காது என்று நிறுவனத்தின் விளக்கக் குறிப்பே சொன்னது. சேமித்த எழுத்தெல்லாம் பூட்டில்லாத ஒரு சாதாரணத் தரவுக் கோப்பில் கிடப்பதைப் பாதுகாப்பு ஆய்வாளர் கெவின் போமான்ட் எடுத்துக்காட்டினார். அந்தக் கோப்பை அப்படியே அள்ளிவிடும் ஒரு சிறு நிரலை அலெக்சாண்டர் ஹகேனா எழுதி, எவ்வளவு எளிது பாருங்கள் என்று பொதுவில் வைத்தார். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் விளக்கம் கேட்டது. எனக்கு இதில் மிகவும் உறைத்தது ஹேக்கர்கள் பற்றிய பேச்சல்ல. ஒரே கணினியை வீட்டில் இருவர் பயன்படுத்துகிறார்கள், ஒருவருக்கு மற்றவரின் பின் நம்பர் தெரியும். அடிக்கும் கணவனிடமிருந்து தப்பிக்க வழி தேடும் ஒரு பெண், தான் தேடியதை உலாவியில் அழித்துவிடலாம். திரையின் படத்தை அழிக்க வேண்டும் என்பதே அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 7 அன்று நிறுவனம் இறங்கி வந்தது. ரீகால் தானாக இயங்காது, விரும்புவோர் மட்டுமே இயக்கிக்கொள்ளலாம், சேமிப்பு பூட்டப்படும் என்றது. ஆறு நாள் கழித்து வெளியீட்டையே தள்ளிவைத்தது. வசதி பொதுமக்களுக்கு வந்து சேர்ந்தபோது 2025 ஏப்ரல் ஆகியிருந்தது. அடுத்த மாதமே சிக்னல் செயலி, தன் உரையாடல் ஜன்னலை ரீகால் படம் பிடிக்காதபடி தடுத்தது. அதற்கென்று முறையான வழி எதையும் விண்டோஸ் தரவில்லை. திருட்டுத்தனமாகத் திரைப்படம் நகலெடுப்பதைத் தடுக்க உள்ள பூட்டையே சிக்னல் எடுத்துப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஒரு கணினியின் சொந்த இயங்குதளத்திடமிருந்து அதே கணினியில் ஓடும் செயலி தன்னைக் காத்துக்கொண்டது.

கடந்த மூன்று ஆண்டுகளில் கணினியிலும் காரிலும் எழுந்த இத்தகைய எதிர்ப்புகளை நான் ஒன்றாக வைத்துப் பார்த்து வருகிறேன். மக்கள் புதுமைக்கு அஞ்சுகிறார்கள், பழகினால் சரியாகிவிடும் என்ற விளக்கம் நிறுவனத் தரப்பில் அடிக்கடி வருகிறது. அது தவறு என்று நினைக்கிறேன். இந்தக் கோபத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. கேட்காமல் நுழைந்தது, அணைக்க முடியாதது, அணைத்தாலும் திரும்பி வருவது, அதற்கும் நம்மிடமே காசு வாங்குவது: இந்த நான்கில் ஒன்றாவது இருக்கும் இடத்தில்தான் எதிர்ப்பு வெடித்திருக்கிறது.

காசு வாங்கியதற்கு ஆஸ்திரேலியாவைவிடத் தெளிவான சான்று இல்லை. வேர்டு, எக்செல் முதலியவை அடங்கிய மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவில் கோபைலட் என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரைச் சேர்த்து நிறுவனம் விலையை உயர்த்தியது. தனிநபர் ஆண்டுச் சந்தா 109 ஆஸ்திரேலிய டாலரிலிருந்து 159 ஆனது, அதாவது 45 சதவீத உயர்வு. குடும்பச் சந்தா 139இலிருந்து 179 ஆனது. புது விலையைக் கொடுங்கள், இல்லையென்றால் சந்தாவை நிறுத்துங்கள் என்ற தொனியில் வாடிக்கையாளர்களுக்கு மின்னஞ்சல் போனது. உண்மையில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது. கோபைலட் இல்லாத பழைய தொகுப்பைப் பழைய விலைக்கே ‘கிளாசிக்’ என்ற பெயரில் தொடரலாம். அந்த வழி, ரத்து செய்யும் படிகளில் இறங்கிப் பாதி தூரம் போனவர்களின் கண்ணுக்கு மட்டுமே தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் 2025 அக்டோபரில் வழக்குத் தொடுத்தது. ஏறத்தாழ 27 லட்சம் பேர் தவறாக வழிநடத்தப்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அடுத்த மாதம் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, கிளாசிக்குக்கு மாறுவோருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

ஓய்வூதியக் கணக்கை எக்செல்லில் போட்டு வைத்திருக்கும் ஒரு முதியவரை எண்ணிப் பார்க்கிறேன். அவர் கோபைலட்டைக் கேட்கவில்லை. அது என்னவென்றே அறியாமல் இருக்கலாம். ஐம்பது டாலர் அவருக்குப் பெரிய தொகையில்லை என்றே வைத்துக்கொண்டாலும், வேண்டாம் என்று சொல்லும் கதவை மறைத்து வைத்தது சிறிய குற்றமாகாது.

நிறுவனங்கள் ஏன் இப்படி அவசரப்படுகின்றன? கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஊரெல்லாம் கணினி வாங்கியது. அலை ஓய்ந்ததும் விற்பனை சரிந்தது. நான்கைந்து ஆண்டு பழைய லேப்டாப் இன்றும் நன்றாகவே ஓடுகிறது. புதிதை வாங்கவைக்க ஒரு காரணம் தேவைப்பட்டது. விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகள் போடும் தனிச் சிப்பு, குறைந்தது 16 ஜிபி ரேம் என்று கோபைலட் பிளஸ் கணினிக்கு இலக்கணம் வகுத்தார்கள். கீபோர்டில் கோபைலட்டுக்கென்றே ஒரு விசை வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் விண்டோஸ் கீபோர்டில் நடந்த முதல் பெரிய மாற்றம் அது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவும் முடிந்தது. இன்னொரு பக்கம், டேட்டா சென்டர்களில் கொட்டிய பெரும் முதலீட்டுக்குப் பலன் காட்ட வேண்டிய நெருக்கடி. இத்தனை கோடிப் பேர் பயன்படுத்துகிறார்கள் என்று முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டுமென்றால், ஏஐ இல்லாத இடமே இல்லாமல் செய்வதுதான் எளிய வழி.

அந்த டேட்டா சென்டர்களின் பசி வேறொரு வழியிலும் வாங்குபவரின் பையைத் தொட்டது. உலகில் நினைவகச் சிப்புகளைப் பெருமளவில் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுச் சேவைகளுக்கான உயர்வகை நினைவகத்தில் லாபம் அதிகம் என்பதால் உற்பத்தி அந்தப் பக்கம் சாய்ந்தது. 2025 இறுதியில் சாதாரண ரேமின் விலை கிடுகிடுவென ஏறியது. தனிநபர்கள் கடையில் வாங்கிப் பொருத்தும் குரூசியல் என்ற பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் அந்த டிசம்பரில் அறிவித்தது. சென்னை ரிச்சி தெருவில் ரேம் வாங்கிப் பழைய கணினிக்கு உயிர் கொடுத்தவர்களுக்கு இதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வாங்குபவர்களின் மனநிலையைக் கணினி விற்பவர்களே ஒப்புக்கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். 2026 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியின்போது டெல் நிறுவனத்தின் அதிகாரிகள், வாடிக்கையாளர்கள் ஏஐயைப் பார்த்துக் கணினி வாங்குவதில்லை, அந்தச் சொல் அவர்களைக் குழப்பவே செய்கிறது என்ற பொருளில் பேசினார்கள். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை நடத்தும் மொசில்லாவின் புதிய தலைவர், அதை ஏஐ உலாவியாக வளர்க்கப்போவதாக 2025 டிசம்பரில் சொன்னபோது நெடுநாள் பயனர்களே கொதித்தெழுந்தார்கள். ஏஐ சார்ந்த எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அணைக்கும் பொத்தான் தருகிறோம் என்று மொசில்லா உடனே வாக்களித்தது. 2026 பிப்ரவரியில் அதைத் தந்தும்விட்டது.

காருக்கு வருவோம். அங்கே பிரச்சினை பழையது, ஆபத்தும் அதிகம்.

செயற்கை நுண்ணறிவு காருக்குள் வந்த வாசல் தொடுதிரை. பொத்தான்களைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் ஒரே பலகையில் அடக்கினால் செலவு குறையும், பிறகு மென்பொருளை வைத்து எதையும் சேர்க்கலாம், எடுக்கலாம், சந்தாவுக்கு விற்கலாம். பிஎம்டபிள்யூ சில நாடுகளில் இருக்கைச் சூடாக்கியை மாதச் சந்தாவுக்கு விற்றுப் பார்த்தது. கருவி காரிலேயே பொருத்தப்பட்டிருக்கிறது, அதை இயக்க மட்டும் மாதம் காசு. எதிர்ப்பு வலுத்ததும் 2023இல் கைவிட்டது.

திரையை நோண்டிக்கொண்டே ஓட்டுவதன் விலையை ஸ்வீடனின் ‘வீ பிலேகரே’ என்ற கார் இதழ் 2022இல் அளந்து காட்டியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே ஏசியை மாற்றுவது, வானொலி நிலையத்தைப் பிடிப்பது போன்ற நான்கு எளிய வேலைகள். 2005ஆம் ஆண்டின் பழைய வால்வோ வி70 காரில், கைக்குத் தெரிந்த பொத்தான்களை வைத்து 10 விநாடியில் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் கடந்திருந்தது. சோதனையில் கடைசி இடம் பிடித்த புதிய காரில் 44.9 விநாடி, 1,372 மீட்டர். ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல், கண் பாதி சாலையிலும் பாதி திரையிலுமாக.

கப்பல்காரர்கள் இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துக் கற்றார்கள். 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெயின் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கானையும் வேகத்தையும் தொடுதிரையில் கட்டுப்படுத்தும் அமைப்பு ஏற்படுத்திய குழப்பம் விபத்துக்கு ஒரு காரணம் என விசாரணை சொன்னது. அமெரிக்கக் கடற்படை தன் நாசகாரிக் கப்பல்களில் கைப்பிடியுள்ள விசைகளுக்கே திரும்ப முடிவெடுத்தது. கார் நிறுவனங்கள் எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இது நடந்தது.

இப்போது அவையும் திரும்புகின்றன. ஒலியளவு, வெப்பம் போன்ற அடிப்படைகளுக்கு இனி எல்லாக் கார்களிலும் நிஜப் பொத்தான் இருக்கும், அந்தத் தவறை மறுபடி செய்யமாட்டோம் என்று ஃபோக்ஸ்வாகனின் வடிவமைப்புத் தலைவர் ஆந்த்ரேயாஸ் மின்ட் 2025இல் சொன்னார். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தனி விசை இருப்பதை முழு மதிப்பெண்ணுக்கான அளவுகோல்களில் சேர்த்திருக்கிறது. ஐந்து நட்சத்திரம் என்று விளம்பரத்தில் போட ஆசைப்படாத நிறுவனம் இல்லை. சட்டம் செய்யாததை அந்த ஆசை செய்யும்.

பொத்தான் கண்ணுக்குத் தெரியும் குறை. தெரியாத குறை பெரிது. 2023 செப்டம்பரில் மொசில்லா அறக்கட்டளை 25 கார் பிராண்டுகளின் அந்தரங்கக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. உரிமையாளரின் தரவைப் பிறருக்குப் பகிரவோ விற்கவோ இடம் வைத்திருந்தவை 84 சதவீதம். இதற்கு முன் அந்த அறக்கட்டளை ஆராய்ந்த எந்தப் பொருள்வகையும் இவ்வளவு மோசமாக இருந்ததில்லை.

அடுத்த மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் கஷ்மீர் ஹில் எழுதிய ஒரு செய்தி, அந்தச் சதவீதத்துக்கு உயிர் கொடுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் காரை ஓட்டிய ஒருவரின் இன்ஷூரன்ஸ் பிரீமியம் திடீரென 21 சதவீதம் ஏறியது. அவர் விபத்து எதையும் ஏற்படுத்தியதில்லை. காரணம் தேடியபோது, லெக்சிஸ்நெக்சிஸ் என்ற தரவுத் தரகு நிறுவனத்திடம் அவரைப் பற்றி 258 பக்க அறிக்கை இருப்பது தெரிந்தது. ஆறு மாதத்தில் 640 பயணங்கள். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், எங்கே சடாரென்று பிரேக் போட்டார், எங்கே வேகம் பிடித்தார், எல்லாம். செய்தி வெளியானதும் நிறுவனம் அந்தத் தரகர்களுடனான பகிர்வை நிறுத்தியது. டெக்சாஸ் மாநிலம் வழக்குப் போட்டது. ஓட்டுநரின் இருப்பிடத்தையும் ஓட்டும் விதத்தையும் அத்தகைய நிறுவனங்களுக்கு ஐந்தாண்டு கொடுக்கக்கூடாது என்ற உத்தரவை அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2025 ஜனவரியில் முன்வைத்தது.

இது செயற்கை நுண்ணறிவா என்று கேட்கலாம். உரையாடும் உதவியாளர் அல்ல, உண்மைதான். ஆனால் உங்கள் காலசைவைத் திரட்டி, ஓர் எண்ணாக்கி, அந்த எண்ணை வைத்து உங்களைப் பற்றி முடிவெடுக்கும் இயந்திரம் அது. இப்படி ஒருமுறை ஏமாந்தவரிடம், இதோ உங்கள் காரோடு பேசுங்கள், உள்ளே உங்கள் முகத்தைப் பார்க்கும் கேமரா இருக்கிறது, களைப்பாக இருந்தால் சொல்லும் என்றால் எப்படி நம்புவார்? களைப்பைக் கண்டுபிடிக்கும் கேமரா நல்ல கருவி. நம்பிக்கையை முன்பே விற்றுவிட்டதால் நல்ல கருவியும் ஒற்றனாகத் தெரிகிறது.

பிறகு அந்த ‘பீப்’ சத்தம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை 7 முதல் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக எச்சரிக்கை அமைப்பு கட்டாயம். கேமராவும் வரைபடமும் வேகப் பலகையைப் படித்து, மீறினால் ஒலி எழுப்பும். ஓட்டுநர் அணைத்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த முறை வண்டியைக் கிளப்பும்போது மறுபடி உயிர்பெறும், விதியே அப்படி. வேகத்தால் சாவோரின் எண்ணிக்கையைப் பார்த்தால் அதன் நோக்கத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பலகையைத் தவறாகப் படித்துக் கூவும் இயந்திரத்தைத் தினமும் சகித்துக்கொண்டு, ஒவ்வொரு காலையும் மெனுவுக்குள் போய் அணைக்கும் ஓட்டுநரையும் குறை சொல்ல முடியவில்லை. தவறான எச்சரிக்கை கேட்டுப் பழகிய காது, சரியான எச்சரிக்கையையும் தள்ளிவிடும்.

நம் சாலையில் இதைக் கண்ணால் பார்த்தேன். என் மைத்துனர் வாங்கிய புதுக் காரில் தானாக பிரேக் போடும் வசதி உண்டு. தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போகும்போது இடப்பக்கமிருந்து ஒரு பைக் குறுக்கே நுழைந்தது. நம்மூர் ஓட்டுநர் எவரும் காலை லேசாக எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். கார் சடாரென்று பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த வேன்காரர் எப்படி நிறுத்தினார் என்பது இன்றுவரை தெரியவில்லை. அத்தை முன் இருக்கையில் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். அன்று மாலையே மைத்துனர் அதை அணைத்துவிட்டார். அணைக்க முடிந்தது என்பது நல்லது. அது உண்மையில் உயிர் காக்கும் நாளிலும் அணைந்தே கிடக்கும் என்பது நல்லதல்ல. கோடு போட்ட சாலைக்கும் கோட்டை மதிக்கும் போக்குவரத்துக்கும் பழக்கிய கருவியை, கோடே இல்லாத இடத்தில் மூன்று பைக்குகளுக்கு நடுவே இறக்கிவிட்டால் இதுதான் நடக்கும்.

அதே வகைக் கருவி, பழகிய இடத்தில், மனிதரைக் காக்கிறது என்பதற்கும் உறுதியான சான்று உண்டு. தானியங்கி பிரேக் உள்ள கார்கள் முன்னால் போகும் வண்டியின் பின்புறம் மோதும் விபத்துகள் பாதியாகக் குறைந்ததை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான இன்ஷூரன்ஸ் கழகம் கண்டது. கணினியிலும் இப்படித்தான். வீடியோ அழைப்பில் மிக்ஸிச் சத்தத்தை நீக்கித் தருவது, பேச்சைக் கேட்டு எழுத்தாகத் திரையில் ஓடவிடுவது, பார்வையற்றவருக்குப் படத்தை விவரிப்பது ஆகியவை எல்லாம் ஏஐதான். இவற்றை எதிர்த்து யாரும் கூடியதில்லை. காது கேளாத ஒரு நண்பருக்கு அந்த ஓடும் எழுத்து என்ன தந்தது என்பதைப் பார்த்தவன் என்பதால், ஏஐ மொத்தமும் மோசடி என்று பேசுவோருடன் என்னால் சேர முடியவில்லை. வேலையைச் செய்துவிட்டு ஒதுங்கி நிற்பதை மக்கள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மிகைப்படுத்திய சொல்லுக்குச் சீனா கொடுத்த விலை இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. 2025 மார்ச் 29 இரவு, அன்ஹுய் மாகாணத்து நெடுஞ்சாலையில் ஷாவ்மி எஸ்யூ7 கார் ஒன்று ஓட்டுநர் உதவி இயங்கிய நிலையில் 116 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் சாலைப் பணிக்காகப் பாதை மூடியிருந்தது. எச்சரிக்கை எழுந்து சில விநாடிகளில் கார் தடுப்பில் மோதித் தீப்பற்றியது. மூன்று இளம்பெண்கள் இறந்தார்கள். அடுத்த மாதம் சீனத் தொழில் அமைச்சகம் கார் நிறுவனங்களை அழைத்து, ‘தானியங்கி ஓட்டம்’, ‘அறிவார்ந்த ஓட்டம்’ போன்ற சொற்களை விளம்பரத்தில் பயன்படுத்தக்கூடாது என்றது. விற்ற காரின் மென்பொருளை, வாங்கியவரையே சோதனை எலியாக்கி மாற்றிக்கொண்டிருக்கவும் தடை வந்தது. விலைப் போரிலும் வேகப் போட்டியிலும் உலகையே அசத்திய சந்தையில் இந்தக் கட்டுப்பாடு வந்ததை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

நம் நாட்டில் இன்னும் அந்த அளவுக்கு யாரும் கேட்கவில்லை. ஷோரூமில் திரை எத்தனை அங்குலம், குரலுக்குச் சன்ரூஃப் திறக்குமா என்று கேட்கிறோம். தரவு எங்கே போகிறது என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் கேட்பதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2023இல் நிறைவேறிய எண்ணியல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அவற்றின் முக்கியப் பகுதிகள் பதினெட்டு மாதம் கழித்து, 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகின்றன. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து வெளியே வரும் காருக்கும் ரிச்சி தெருவில் விற்கும் லேப்டாப்புக்கும் அது பொருந்தும். தன்னைப் பற்றி வைத்திருக்கும் தரவின் சுருக்கத்தையும், அது யாரிடம் போனது என்பதையும் கேட்க உரிமை உண்டு. அழிக்கச் சொல்லவும் உண்டு.

மைத்துனர் கார் வாங்கிய நிறுவனத்துக்கு அந்த மாதம் அனுப்ப வேண்டிய கடிதத்தை இருவருமாக உட்கார்ந்து இப்போதே எழுதி வைத்திருக்கிறோம். வாங்கிய நாளிலிருந்து இந்தக் காரிலிருந்து என்னென்ன திரட்டினீர்கள், யார் யாருக்குக் கொடுத்தீர்கள், அடுத்த அப்டேட் வந்த பிறகும் அணைந்தே இருக்கும்படி அணைப்பது எப்படி. கையெழுத்துப் போட்டாயிற்று. தேதி மட்டும் போடவில்லை.